ஆணையிட முடியாதவரின் சொல்

'ஜனாதிபதி' என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுபவர் யார்? படைகளின் தளபதி, அமைச்சர்களை நியமிப்பவர், பாராளுமன்றத்தைக் கலைக்க வல்லவர். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு நமக்கு அறிமுகப்படுத்திய ஜனாதிபதி அத்தகையவரே. ஆனால் ஜேர்மன் சமஷ்டிக் குடியரசிலே அதே பெயரில் முற்றிலும் வேறான ஒரு பதவி உண்டு. அங்கே ஆட்சி நடத்துபவர் சான்சலர். ஜனாதிபதியின் கையில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் அவருடைய சொல் மட்டுமே. ஆணையிட முடியாத ஒருவரின் சொல்லுக்குப் பெறுமதி உண்டா? இக்கேள்வியை அரசியல் அறிஞருக்கென்று விட்டுவிடாமல், நாமும் சற்றுச் சிந்திப்போம்.

ஜேர்மனியர் இப்பதவியை வேண்டுமென்றே வலுக்குறைத்தனர். அதற்குக் கசப்பான காரணம் உண்டு. 1919ஆம் ஆண்டின் யாப்பு, மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்யும் ஜனாதிபதிக்கு ஏழாண்டுப் பதவியும் பேரதிகாரமும் வழங்கியது. அவசர ஆணைகளைப் பிறப்பிக்கலாம், பாராளுமன்றத்தைக் கலைக்கலாம். 1932இல் ஹிட்லரைத் தோற்கடித்து இரண்டாம் முறை வென்றவர் முதிய தளபதி ஹிண்டன்பேர்க். அதே ஹிண்டன்பேர்க்தான் 1933 ஜனவரி 30ஆம் திகதி ஹிட்லரைச் சான்சலராக நியமித்தார். ஒரு மாதம் செல்லுமுன் குடிமக்களின் அடிப்படைச் சுதந்திரங்களை நிறுத்திவைத்த ஆணையிலும் அவர் கையொப்பமே இருந்தது. குடியரசைக் காக்கவெனக் கொடுத்த அதிகாரம் குடியரசுக்கே குழி தோண்டியது.

ஆகவேதான் 1949ஆம் ஆண்டின் புதிய அடிப்படைச் சட்டம் வேறு வழி சென்றது. ஜனாதிபதியைத் தெரிவதற்கென ஒரு பேரவை கூடுகின்றது. அதில் ஒரு பாதியினர் மத்திய பாராளுமன்ற உறுப்பினர். அவர்களுக்குச் சமமான மறுபாதியினர் மாநில மன்றங்கள் தெரிவுசெய்து அனுப்புவோர். பதவிக்காலம் ஐந்தாண்டுகள். தொடர்ந்து ஒருமுறை மட்டுமே மீண்டும் தெரிவாகலாம். அவருடைய ஆணைகள் பெரும்பாலும் சான்சலரோ அமைச்சரோ உடன் ஒப்பமிட்டாலன்றிச் செல்லுபடியாகா. முதல் ஜனாதிபதி தியோடோர் ஹொய்ஸ் இரு தவணைகள் பதவி வகித்தார். யாப்பைத் திருத்தி மூன்றாம் தவணை வழங்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அவர் அதற்கு இணங்கவில்லை.

இனி 1985 மே 8ஆம் திகதிக்கு வருவோம். போர் முடிந்து நாற்பது ஆண்டுகள். தோல்வியின் நாளா, துயரத்தின் நாளா என்று ஜேர்மனியர் தடுமாறிய அந்நாளில் ஜனாதிபதி றிச்சார்ட் வொன் வைற்சேக்கர் பாராளுமன்றத்தில் பேசினார். அது நாசிக் கொடுங்கோன்மையிலிருந்து விடுதலை பெற்ற நாள் என்றார். கொல்லப்பட்ட யூதர், போலந்து மக்கள், சோவியத் மக்கள், ஜிப்சி மக்கள் ஆகியோரை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்தார். குற்றம் தலைமுறை தலைமுறையாய்த் தொடர்வதன்று, ஆயினும் கடந்த காலத்தை ஏற்கும் பொறுப்பு எல்லோருக்கும் உண்டு என்பது அவர் கருத்து. அவருடைய சொந்த அணியினர் சிலரே இதை விரும்பவில்லை.

பேசியவர் யார் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 1939இல் போலந்தினுள் புகுந்த படையில் அவரும் ஒரு போர்வீரர்; போரின் முதல் நாள்களிலேயே தம் சகோதரரை இழந்தவர். ஹிட்லர் காலத்து வெளிநாட்டமைச்சில் உயர் பதவி வகித்த அவர் தந்தை, நூரம்பேர்க்கில் தண்டனை பெற்றவர். எனவே அன்று சொன்ன உண்மை அயலார் வீட்டைப் பற்றியதன்று.

"ஆளும் சுமையில்லாதவருக்குப் பேசுவது இலகுதானே" எனச் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. சொல் மட்டும் அநீதியைத் தடுத்துவிடாது. அதற்கு நீதிமன்றமும் பாராளுமன்றமும் வேண்டும். ஆயினும், அதிகாரமுள்ளவர் பேசும்போது மக்கள் தலையாட்டுவது உண்மைக்காகவா, அச்சத்திற்காகவா என்று எவ்வாறு அறிவது? வற்புறுத்த இயலாதவரின் சொல்லை மறுக்கக் கேட்பவருக்குப் பூரண சுதந்திரம் உண்டு. அச்சொல் ஏற்கப்பட்டால், அது உள்ளத்தால் ஏற்கப்பட்டதே.

அத்தகைய சொல்லுக்கு ஒரே முதல் பேசுபவரின் நேர்மை. 2012 பெப்ரவரியில் ஜனாதிபதி கிறிஸ்தியான் வுல்ஃபை விசாரிக்க வழிவிடுமாறு அரச வழக்குத்தொடுநர் பாராளுமன்றத்தைக் கேட்டனர். மறுநாளே அவர் பதவி துறந்தார். 2014இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றமற்றவர் பதவி இழந்தது நீதியா? சட்டம் கேட்பது குற்றத்தை. அப்பதவி கேட்பது நம்பிக்கையை. நம்பிக்கை குன்றிய பின் அங்கே எஞ்சுவது மாளிகை மட்டுமே. அதேவேளை, சந்தேகத்தையே தீர்ப்பாகக் கொள்வோரும் தம் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்த்தல் நன்று.

இது ஜேர்மனியரின் கதை மட்டுந்தானா? நம் வீடுகளைப் பாருங்கள். பிள்ளைகள் வளர்ந்து, தாமே உழைக்கத் தொடங்கியபின் தகப்பனாரின் கட்டளை செல்வதில்லை. பணமும் பிரம்பும் கைவிட்டுப் போய்விட்டன. அப்போதும் "ஐயா என்ன சொல்லுவார்?" என்று மகன் ஒரு கணம் தயங்கினால், அந்தத் தயக்கமே அவர் வாழ்ந்த வாழ்வின் பயன். கட்டளையிடும் காலத்தில் நாம் நேர்மையாய் நடந்தோமா என்பது, கட்டளையிட முடியாத காலத்தில்தான் தெரியவரும். அந்தக் காலம் நம் ஒவ்வொருவருக்கும் வரும். அன்று நம் சொல்லைக் கேட்க எவர் இருப்பார்?