இறந்தவரின் கோவையைத் திறத்தல்

மௌத்தாகிவிட்ட தாய் தகப்பனின் அலுமாரியைத் திறப்பது பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட வேலைகளில் ஒன்று. காணி உறுதி, அடையாள அட்டை, எவருக்கோ கொடுத்த கடனின் துண்டு என்று தேவைக்காகத் திறக்கிறோம். தேவையற்ற ஏதாவது கையில் தட்டுப்பட்டால் மடித்து வைத்துவிடுகிறோம். ஆனால் ஓர் அரசாங்கத்தின் அலுமாரியிலும் நம் தகப்பனைப் பற்றிய தாள் ஒன்று இருக்குமானால், நாமாக விண்ணப்பித்து அதை எடுத்து வாசிக்கலாமா? வாசித்த பின், அவர் நமக்குச் சொன்ன கதையோடு அது முரண்பட்டால் எதை நம்புவது, யாரிடம் சொல்வது?

இந்தக் கேள்வி 2017இல் என் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. கொண்டு வந்தவர் எழுபது வயதை அண்மித்த ஓர் ஆங்கிலேயர். முச்சக்கரவண்டிக்காரப் பொடியன், "இங்கிலீஷ் தெரிஞ்ச சேர்" என்று சொல்லி அவரை என்னிடம் இறக்கிவிட்டுப் போனான். என் ஆங்கிலத்தின் இலட்சணம் அவனுக்குத் தெரியாது.

அவருடைய தகப்பன் இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படையில் எஞ்சின் பிற்றராக இருந்தவர். நமது சீனக்குடாவில் வேலை செய்தவர். மகன் அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க வந்திருந்தார். அது இன்று இலங்கை விமானப்படையின் தளம், நினைத்தவுடன் உள்ளே போக முடியாது. ரயில் நிலையத்தடியில் நின்று மரங்களுக்கு மேலால் பார்த்தோம். திரும்பி வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதுதான் அவர் கோவையைத் திறந்தார்.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்த பின்னர் இலங்கையின் துறைமுகங்கள் யுத்தத்தின் முன்வரிசைக்கு வந்தன என்பது வாசகர்கள் அறிந்ததே. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9 காலை திருகோணமலை. சீனக்குடாவிலிருந்து 261ஆம் படையணியின் ஹரிக்கேன் விமானங்கள் எழுந்து மோதின. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்றின் மீது ஜப்பானிய விமானமொன்று விழுந்தது. எரிந்து உருகிய அதன் எச்சத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

அந்தக் காலையில் தன் தகப்பன் பதுங்குகுழியில் கிடந்து அந்த விமானம் பாய்வதைக் கண்டார் என்பதுதான் மகனின் பிள்ளைப்பருவம் முழுவதும் அவரோடிருந்த கதை. 1990களில் தகப்பன் இறந்தார். பின்னர் மகன் சேவைப் பதிவுக்கு விண்ணப்பித்தார். மரணச் சான்றிதழும் 30 பவுண் கட்டணமும் அனுப்பிப் பல மாதம் காத்திருந்தாராம். (அக்காலத்தில் அவற்றைப் பாதுகாப்பு அமைச்சே வைத்திருந்தது. 2022 முதல் அவை கட்டங்கட்டமாக இலண்டன் கியூவிலுள்ள தேசிய சுவடிகள் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன.)

ஒரு மனிதனின் ஐந்து வருடங்கள் ஒரே தாளின் இரு பக்கங்களில் அடங்கியிருந்தன. உயரம், மார்பளவு, கண்ணின் நிறம், மதம், எந்தத் திகதியில் எந்த முகாம். ஒவ்வொரு டிசம்பர் 31இலும் நடத்தைக்கு ஒரு மதிப்பீடு: மிக நன்று. இலங்கைக்கு வந்து இறங்கிய திகதி, 1942 செப்டெம்பர். குண்டு விழுந்து ஐந்து மாதங்களின் பின்.

"என் தகப்பனின் நடத்தை மிக நன்று என்கிறது இந்தத் தாள். அவர் பொய்யர் என்றும் இதே தாள்தான் சொல்கிறது" என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை.

அன்று அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பது பெரிய விடயமல்ல. அவர் போன பின் எனக்குள் நடந்த வாதத்தையே எழுதுகிறேன்.

முதலில் ஓடி வந்தது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம். பிறர் குறைகளைத் துருவித் தேடாதீர்கள் என்ற தடை. உயிரோடிருப்பவரையே துருவக் கூடாதென்றால், பதில் சொல்ல வாயற்ற மையித்தைத் துருவலாமா? ஆனால் அதே அத்தியாயத்தில், ஆறு வசனங்கள் முன்னால், கொண்டுவரப்படும் செய்தியை விசாரித்துத் தெளியுங்கள் என்ற கட்டளையும் இருக்கிறது. ஒன்று தேடாதே என்கிறது, ஒன்று தேடு என்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு நமக்குத் தெரிந்ததே. செய்தியை விசாரிப்பது வேறு, ஆளைத் துருவுவது வேறு. ஆனால் செய்தியைக் கொண்டுவந்தவர் தகப்பனாக இருக்கும்போது இந்த வேறுபாடு நூலிழையாகிவிடுகிறது. பிரித்தானியச் சட்டமும் இந்த இழையில்தான் நடந்திருக்கிறது. ஒருவர் இறந்து 25 வருடங்கள் கழியும்வரை நெருங்கிய உறவினர் அல்லாதோருக்குச் சொற்ப விபரங்களே தரப்படும் என்பது அவர்கள் வைத்திருந்த விதி. பிள்ளைக்கு மட்டும் திரை முன்கூட்டியே விலகுகிறது. பிள்ளைக்குத்தான் அது அதிகம் வலிக்கும் என்பதை விதி எழுதியவர்கள் யோசித்தார்களோ தெரியாது.

(திரை தானாகவே விழுந்த இடமும் உண்டு. 1973 ஜூலை 12இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் மூண்ட தீயில் 16 முதல் 18 மில்லியன் வரையான படைச்சேவைக் கோவைகள் அழிந்தன. 1947க்கும் 1964க்கும் இடையில் விமானப்படையிலிருந்து விலகியவர்களில் ஆங்கில அகரவரிசையில் பிந்திய பெயருடையோரின் கோவைகளே பெரும்பாலும் எரிந்தன. முந்திய எழுத்தில் பெயர் தொடங்கியவர்களின் பிள்ளைகள் தாளைப் பார்த்து உறக்கம் கெட்டார்கள். மற்றவர்களின் பிள்ளைகள் கதையோடு நிம்மதியாகத் தூங்கியிருக்கக் கூடும்.)

நம் முன்னோர்களில் ஒருவர் இந்தச் சிக்கலின் நடுவில் நின்றிருக்கிறார். இமாம் புகாரியின் ஆசிரியர்களில் ஒருவரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்), மறைவு ஹிஜ்ரி 234. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் தராதரம் பற்றி அவர் சொன்னால் மறுபேச்சில்லை. அவரிடம் அவருடைய சொந்தத் தகப்பனைப் பற்றிக் கேட்டார்கள். வேறு எவரிடமாவது கேளுங்கள் என்றார். அவர்கள் விடவில்லை. தலை குனிந்திருந்துவிட்டு, இது மார்க்க விடயம், என் தகப்பன் பலவீனமானவர்தான் என்று சொன்னதாகப் பதிவாகியுள்ளது. எனக்கு அந்தப் பதிலைவிட அந்தத் தலை குனிவு பெரிது. அவர் தானாகச் சொல்லவில்லை. கேட்டவர்களையும் முதலில் திருப்பி அனுப்பினார். அந்தத் தகப்பனின் வார்த்தையில் ஹலாலும் ஹராமும் தங்கியிருந்தபடியால் இறுதியில் சொன்னார்.

மேலும் அவர் சொன்னது 'பலவீனமானவர்' என்பது. 'பொய்யர்' என்பதல்ல. நம் அறிஞர்கள் இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில் எத்தனை படிகள் வைத்தார்கள்! மறதிக்காரர், முதுமையில் குழம்பியவர், உண்மையாளர் ஆனால் தவறு விடுபவர். அதில் ஒன்று 'தத்லீஸ்'. நடுவில் நின்று சொன்னவரை மறைத்துவிட்டு, மூலவரிடமிருந்தே பெற்றதுபோலத் தோன்றும்படி அறிவிப்பது. இமாம் ஷுஃபா போன்றோர் அதைப் பொய்யோடு சேர்த்து வைத்துக் கண்டித்தார்கள். ஆயினும் அஃமஷ், சுஃப்யான் இப்னு உயைனா போன்ற பெரியவர்கள் மீதும் அது சொல்லப்பட்டிருக்கிறது, அவர்களுடைய அறிவிப்புகளோ ஸஹீஹுல் புகாரியிலேயே உண்டு.

ஆங்கிலேயரின் தகப்பனுக்கு இந்தப் படி பொருந்தும் என்று எனக்குப் பட்டது. செப்டெம்பரில் வந்தவர், ஏப்ரலைக் கண்டவர்களோடு ஒரே கொட்டிலில் படுத்திருப்பார். இரவிரவாகக் கேட்டிருப்பார். கதை உண்மை, நடுவிலுள்ள ஆள் மட்டும் விழுந்துவிட்டார்.

ஹதீஸ் கலை கற்றோர் இங்கே என்னை இடைமறிப்பார்கள். முதல்லிஸ் என்பவர் 'இன்னாரிடமிருந்து' என்று இரட்டுற மொழிவாரே தவிர, கேட்காததைக் 'கேட்டேன்' என்று சொல்லமாட்டார். சொன்னால் அது வெறும் பொய்தான், அதற்குத் தத்லீஸ் என்ற கௌரவம் கிடையாது. நியாயமான மறுப்பு. அந்த மறுப்புத்தான் சரியான கேள்விக்கு என்னைக் கொண்டுபோனது. தகப்பன் உண்மையில் என்ன வார்த்தை சொன்னார்? 'கண்டேன்' என்றாரா? 'விமானம் வந்தது, பாய்ந்தது' என்றாரா?

மின்னஞ்சலில் அவரிடம் கேட்டேன். பதில் மூன்று வாரம் வரவில்லை. வந்தபோது இப்படி இருந்தது: யோசித்துப் பார்த்தால் 'நாங்கள் சீனக்குடாவில்' என்று தொடங்குவது மட்டுமே ஞாபகம், 'நான் கண்டேன்' என்ற சொல் காதில் கேட்கவில்லை, பதுங்குகுழி எப்படிக் கதைக்குள் வந்ததென்றும் தெரியவில்லை. இன்னொரு விபரமும் எழுதியிருந்தார். தங்கை ஒருத்தி இருக்கிறாள், பேரப்பிள்ளைகளுக்காகக் குடும்ப வரலாறு ஒன்றை அச்சிடப் போகிறாள், ஏப்ரல் 9 அதில் ஓர் அத்தியாயம். தாளைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா?

அதுவரை நான் மௌனத்தின் பக்கம் இருந்தேன். தகப்பனின் பெருமையில் யாருக்கும் நட்டமில்லை, விட்டுவிடலாம் என்று. அச்சு என்றதும் மனம் மாறியது. ஒரு கதை நம் நெஞ்சோடு இருக்கும்வரை அதை மூடிவைப்பது இறந்தவருக்குச் செய்யும் மரியாதை. நம் கைவழியே அடுத்தவருக்குப் போகும்போது நாமும் அறிவிப்பாளராகிறோம், பொறுப்பு வந்துவிடுகிறது. தாளைக் காட்ட முன்னர் தகப்பன் என்ன சொன்னார் என்று தங்கையிடம் கேளுங்கள், பிறகு காட்டுங்கள் என்று எழுதினேன். தாளையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை என்று சேர்த்துக்கொண்டேன். அன்றைய யுத்தத்தில் கொழும்பின் மேல் வீழ்த்தியதாகப் பிரித்தானியர் உத்தியோகபூர்வமாகச் சொன்ன விமானங்களின் எண்ணிக்கை, ஜப்பானியரின் பதிவிலுள்ள இழப்பைவிட இரண்டு மடங்குக்கு மேல். எழுதுவினைஞனும் ஓர் அறிவிப்பாளன்தான். ஆனால் ஆள் கப்பலிலிருந்து இறங்கிய திகதியில் அவன் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

அடுத்த மின்னஞ்சல் குறுகியது. தங்கை சொன்னாளாம், அப்பா தன்னிடம் யுத்தத்தைப் பற்றி வாயே திறந்ததில்லை, அந்தக் கதையை அண்ணன்தான் தனக்குச் சொன்னார் என்று.

அதை வாசித்த அன்று எனக்குப் பத்தாம் ஆண்டில் வரலாற்றுப் பாடம். நானும் வருடாவருடம் அந்த வகுப்பில் 1942ஐச் சொல்கிறவன். உம்மாவின் வாப்பா முகாமில் கல் சுமந்தவர், அந்த விமானம் விழுவதைக் கண்ணால் கண்டவர் என்று சொல்லிப் பிள்ளைகளின் வாயைப் பிளக்க வைப்பேன். அவருக்குத் தாளொன்றும் கிடையாது. உயரமும் மார்பளவும் எவரும் எழுதவில்லை, நடத்தை மிக நன்று என்று டிசம்பரில் எவரும் ஒப்பமிடவில்லை. நம்மவர்களில் அங்கே கல் சுமந்த யாருக்குத்தான் இருக்கிறது? அது அவமதிப்பு என்று முன்பு கோபப்பட்டிருக்கிறேன். அன்று கரும்பலகைக்கு முன் நின்றபோது, அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது என்று தோன்றியது. 'கண்டவர்' என்று வாய் வரை வந்ததை, 'கண்டவர் என்று கேள்வி' என்று மாற்றிச் சொன்னேன். பிள்ளைகள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மூத்தாப்பாவின் வாயால் அந்தக் கதையைக் கேட்டவர்களில் எனக்குத் தெரிய இன்றிருப்பவர் பெரிய மாமா ஒருவர்தான். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஒரு காது கேளாது, ஞாபகம் மட்டும் இன்னும் பழுதில்லை. என்ன வார்த்தை சொன்னார் என்று கேட்டுவர இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் வேளாண்மையைப் பற்றிக் கதைத்துவிட்டுத் திரும்பினேன்.