ஈறில் கசியும் இரத்தம்



உளூச் செய்யும்போது கொப்பளித்த நீர் சிவப்பதைக் கண்டு, “குச்சி பட்டாலே இரத்தம் வருகிறது, உளூ முறிகிறதே” என்று பல் துலக்குவதையே விட்டுவிட்டவர்கள் நமது சேலம், நாமக்கல் பகுதியில் உண்டு. இது தவறான பேணுதல்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். ஹனஃபி மத்ஹபில், இரத்தம் உமிழ்நீருக்குச் சமமாகவோ மிகுந்தோ இருந்தால் உளூ முறியும். உமிழ்நீரே மிகுந்திருந்தால் முறியாது. ஷாஃபிஈ மத்ஹபில் இரத்தத்தால் உளூ முறிவதில்லை. வாயைக் கழுவிக் கொள்ள வேண்டும். மிஸ்வாக்கை விட்டுவிடுமாறு எந்த மத்ஹபும் கூறவில்லை. சமுதாயத்திற்குச் சிரமமாகி விடும் என்றில்லாவிட்டால், ஒவ்வொரு தொழுகைக்கும் அதைக் கட்டளையாகவே ஆக்கியிருப்பார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்.

அப்படியானால் இரத்தம் ஏன் வருகிறது? பெரும்பாலும் குற்றம் குச்சியுடையதன்று. ஈறோரத்தில் படிந்த அழுக்கினுடையது. அதில் வாழும் கிருமிகளுள் ஒன்று போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ். கிருமிகளை விழுங்கிக் கொல்ல அல்லாஹ் நம் இரத்தத்தில் வெள்ளணுக்களைப் படைத்திருக்கிறான். இக்கிருமியோ அவற்றின் கொல்லும் ஆற்றலை அடக்கி, கொதிப்பை மட்டும் வளர விடுகிறது. வீங்கிய ஈறில் கசியும் இரத்தமே அதற்கு உணவு! தணியாத அந்தக் கொதிப்பு, பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது. மிகச் சிறிய அளவு இக்கிருமியே மற்றக் கிருமிகளின் சமநிலையைக் குலைத்து எலும்பைக் கரையச் செய்ததை, 2011இல் வெளியான எலி ஆய்வு காட்டியது.

சிந்தியுங்கள்! ஷைத்தானின் வேலையும் இதுவேயன்றோ? நம் கோபத்தைக் கிளறிவிட்டு, நம் கையாலேயே நம் வீட்டை இடிக்கச் செய்கிறான்.

ஆகவே, இரத்தம் கண்டால் துலக்குவதை நிறுத்தாதீர்கள். உகா மரத்து மிஸ்வாக் கிடைக்காவிட்டால் வேப்பங்குச்சியோ மென்மையான பிரஷ்ஷோ போதும். ஈறோரத்தில் மெதுவாகத் தேயுங்கள். இரவு உறங்குமுன்பும் மறவாதீர்கள்.

இறுகிவிட்ட காரை குச்சிக்குப் போகாது. பல் மருத்துவரே நீக்க வேண்டும். சேலத்திலும் திருச்செங்கோட்டிலும் பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. “காரை எடுத்தால் பல் ஆடும்” என்பது வீண் பயம். எலும்பு முன்பே கரைந்திருந்ததைக் காரை மறைத்திருக்கும், அவ்வளவுதான். சர்க்கரை நோயாளிகள் தாமதிக்கவே கூடாது. ஈறு நோய் சர்க்கரையை அடங்கவிடாது. பீடி, சிகரெட் பிடிப்போருக்கு இரத்தம் வராமலே நோய் முற்றும். லாரி ஓட்டும் நம் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

திக்ரு செய்யும் நாவைத் தூய வாயில் வைத்திருக்க அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.