வினை செய்தானையே சாரும்

அன்புடைய சைவ உபாத்தியாயர்களே,

கள்வன் ஒருவன் ஓர் இல்லத்திற் புகுந்து பொருளைக் கவர்வானாயின், நட்டம் அவ்வில்லத்தாருக்கேயாம். ஒருவனை இன்ன இனத்தான், இன்ன சமயத்தான் என்னுங் காரணம் ஒன்றே பற்றி அடித்தலும், அவன் வீட்டை எரித்தலும், ஊரினின்றுந் துரத்துதலும் அத்தன்மையன அல்ல. அடி ஒருவன்மேல் விழினும் அப்பெயருடையார் அனைவர் நெஞ்சும் நடுங்கும். இதற்குப் பிரமாணந் தேடி நாம் தூரம் போகவேண்டுவதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு, ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அந்நூலகத்தின் வாயிலை ஒருநாளும் மிதியாதவரும் தம் வீட்டிலே தீப்பற்றியதுபோல அழுதனர். 1983ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே தென்னிலங்கையிற் தமிழர் கொலையுண்டபோது, அவரை முன் கண்டறியாதாரும் உறக்கமிழந்தனர்.

இவ்வாறு தாம் பட்ட துன்பத்தால் அறிவு பெற்ற நம்மவர், அவ்வறிவைப் பிறர் துன்பத்தினிடத்துப் பயன்படுத்தினரோ என்று வினாவுதல் நமது கடன். 1990ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்திலே, வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறக்குறைய 70,000 பேர் தமிழீழ விடுதலைப் புலிகளாலே வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட தவணை இரண்டு மணி நேரமே. தலைமுறை தலைமுறையாக நம்மோடு தமிழ் பேசி, ஒரே சந்தையிற் கொண்டுங் கொடுத்தும் வாழ்ந்த அவருட் பலர் புத்தளத்து அகதிமுகாம்களில் ஒதுங்கினர். 2009ஆம் ஆண்டிலே போர் முடிந்தபின் சிலர் மீண்டனர், பலர் மீளவில்லை.

நட்டம் அவரோடு நின்றதோ? இல்லை. 1911ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே பிறந்த அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள், வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலுங் கற்று, பின்னாளிற் கொழும்பு சாஹிராக் கல்லூரிக்கு அதிபராய் விளங்கினார். முஸ்லிம் பிள்ளையைத் தம் பிள்ளையாகக் கொண்டு கற்பித்தமை அப்பாடசாலைகளுக்குப் பெருமையேயன்றிச் சிறுமையன்று. 1990க்குப் பின் வடக்கிலே வளர்ந்த நம் சிறுவர் பலரோ, முஸ்லிம் பிள்ளையொன்றுடன் ஒரே வாங்கிலிருந்து பாடங் கேளாமலே வளர்ந்தனர். கண்டு பழகாதவனைப்பற்றி எந்தப் பொய்யும் எளிதில் நம்பப்படும். துரத்தப்பட்டார் வீடிழந்தனர், துரத்திய ஊரார் அயலாரை அறியும் அறிவை இழந்தனர்.

“கிழக்கிலே முஸ்லிம்கள் சிலர் தமிழருக்குத் தீங்கு செய்தனரே” என்பர் சிலர். செய்தார் உளராயின் அவரே அதற்குரியர். வினை, அதனைச் செய்த ஆன்மாவையே சாரும் என்பதன்றோ நம் சாத்திரத் துணிவு? ஓரிடத்தில் ஒருவன் செய்த தீவினைக்குச் சோனகதெருவிலே தொட்டிலிற் கிடந்த குழந்தையைத் தண்டித்தல், கன்மக் கொள்கையை மறுத்தலேயாம். அதனை நியாயமென்று பேசுவானுக்கு நெற்றியில் நீறிருந்தும் நெஞ்சிற் சைவமில்லை.

“ஆயுதந் தாங்கினோர் செய்ததற்கு நாம் யாது செய்வேம்” என்பர் வேறு சிலர். அன்று அஞ்சி வாய்மூடியிருந்தமை மெய்யே. அச்சத்தால் வந்த மௌனம் மன்னிக்கப்படலாம். அச்சம் நீங்கிய பின்னுந் தொடரும் மௌனத்துக்கு என்ன பெயரிடுவது? புறத்திருள் பிறபொருளை மறைத்தாலும் தன்னை இருளென்று காட்டும். ஆணவமோ தானிருப்பதையும் மறைக்கும் என்பது நம் ஆசாரியர் உபதேசம். பிறர் நமக்குச் செய்த கொடுமை பட்டப்பகல்போலத் தோன்ற, நம் பெயராற் பிறர்க்குச் செய்யப்பட்டது தோன்றாதொழிவது அம்மலத்தின் செயலேயாம்.

ஆதலால், உபாத்தியாயர்களே, 1981ஐயும் 1983ஐயும் மாணாக்கருக்குச் சொல்லும் வாயாலே 1990ஐயுஞ் சொல்லுங்கள். பிழை செய்த பிள்ளையை அவன் பெயராற் கண்டியுங்கள். இனப்பெயராலேனும் சாதிப்பெயராலேனும் கண்டியாதீர்கள். விளையாட்டிடத்தே அப்பெயர்கள் வசையாக எழும்பொழுது, “பிள்ளைகள் விளையாட்டு” என்று வாளாவிராதீர்கள். யாம் மிஷன் பாடசாலையொன்றிற் கற்ற காலத்திலே எம் நெற்றித் திருநீற்றைச் சுட்டி ஒருவன் நகைத்த சொல், ஐம்பது வயது கடந்தபின்னும் எம் நெஞ்சில் ஆறவில்லை. ஒரு சொல்லே இத்துணைக் காலம் நிற்குமாயின், இரண்டு மணி நேரத்தில் வீட்டைத் துறந்தவர் புண் எத்துணைக் காலம் நிற்கும் என்பதை நினையுங்கள்.

மீண்டு வந்த அக்குடும்பத்துப் பிள்ளை நும் பாடசாலை வாயிலில் வந்து நிற்குமாயின், முன்வாங்கிலே இடங்கொடுங்கள். அதுவும் சிவத்தொண்டேயாம்.

எவ்வுயிர்க்கும் உயிராய் நிற்குஞ் சிவபெருமானுடைய திருவருள் முன்னிற்க.