ஆளைத் தேடாதே, கடப்பாரையை எடு

‘ஆள் இல்லை.’ நம்மவர்கள் வீட்டில் பாதிக் காரியம் இந்த இரண்டு சொல்லிலேயே செத்துப்போகிறது. பணம் இல்லை என்பவன்கூட எங்காவது புரட்டிவிடுகிறான். நேரம் இல்லை என்பவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுகிறான். ஆள் இல்லை என்று சொல்லிவிட்டால் மட்டும் எதிரே இருப்பவர் ‘ஆமாம், என்ன செய்வது’ என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். சொன்னவனுக்கும் நிம்மதி, கேட்டவருக்கும் நிம்மதி. வேலை மட்டும் போட்டது போட்டபடி கிடக்கும்.

அந்தச் சாக்கை இன்றைக்கு உடைத்துவிடுவோம். அதற்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது சின்ன வேலை அல்ல. அமெரிக்கப் புறநகர் வீட்டுக் கராஜில், காரைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தும் இரண்டு தூண் லிஃப்டை ஒற்றை ஆளாக நிறுவுகிற வேலை. லாரியில் வந்து இறங்கும் கட்டு 600 முதல் 900 கிலோ. அதில் தூண் ஒவ்வொன்றும் 200, 300 கிலோ இருக்கும். உயரம் 9 அடியிலிருந்து 12 அடி. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர அங்கே பக்கத்துத் தெருவில் சித்தாளும் இல்லை, நாலு பேரைக் கூட்டிவர மேஸ்திரியும் இல்லை. கூலியைக் கேட்டால் தலை சுற்றும். இருந்தும் பழைய கார் மேல் பித்துப் பிடித்தவர்களும், ஓய்வுபெற்ற தாத்தாக்களும் அங்கே இதைத் தனியாகவே செய்து முடிக்கிறார்கள்.

உனக்குக் கராஜே இல்லையா? பரவாயில்லை. வருஷக்கணக்கில் கிடப்பில் போட்ட வேலை ஒன்றாவது இருக்குமே, அதை மனதில் வைத்துக்கொண்டு படி.

டல்லாஸில் உட்கார்ந்து கணினி தட்டும் தம்பி, உன்னிடம்தான் முதலில் கேட்கிறேன். பி.இ. மெக்கானிக்கல் படித்தாய். நெம்புகோலுக்குப் படம் போட்டு, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கினாய். அதன் பிறகு ஒருநாளாவது எதையாவது நெம்பிப் பார்த்தாயா? குழாயில் வாஷர் போனால் பிளம்பர். சுவரில் ஆணி அடிக்கத் தச்சர். கையில் கிரீஸ் படுவது படிக்காதவன் தலையெழுத்து என்று நம் வீடுகளில் யாரோ சொல்லிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பொய்யை முதலில் தூக்கி எறி. அதோடு ஒப்பிட்டால் தூண் லேசு.

கணக்குப் போடு. 250 கிலோத் தூண் தரையில் படுத்திருக்கிறது. அதை முழுதாகத் தூக்கச் சொல்லி யார் உன்னைக் கேட்டார்கள்? ஒரு முனையைத் தூக்கு. மறுமுனையைத் தரை தாங்கிக்கொள்ளும். உன் பங்குக்கு வருவது பாதி, 125 கிலோ. இப்போது ஆறடிக் கடப்பாரையை எடு. நுனியிலிருந்து 6 அங்குலத்தில் ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடு. உன் கைப்பக்கம் 66 அங்குலம், பாரத்தின் பக்கம் 6. பதினொன்றுக்கு ஒன்று. நீ அமுக்க வேண்டியது 12 கிலோகூட இல்லை. ஒரு குடம் தண்ணீர் தூக்குகிற பலம் போதும். முனை ஓர் அங்குலம் எழுந்ததும் அடியில் பலகையைச் செருகு. கையால் செருகாதே, குச்சியால் தள்ளு. அடுத்த முனைக்குப் போ. இப்படியே இரண்டு பக்கமும் மாறி மாறி உயர்த்தி, அடியில் மூன்று இரும்புக் குழாயை உருட்டுக்கு வைத்துவிட்டால் தூண் நீ சொன்ன பேச்சைக் கேட்கும். அங்கே வீட்டு வாசல்பாதை பெரும்பாலும் தெருப்பக்கம் சரிந்திருக்கும். ஒவ்வொரு அடி நகர்த்தியதும் பின்னால் ஒரு கட்டையைப் போட்டுக்கொண்டே போ.

இவ்வளவுதானா என்கிறாயா? இவ்வளவுதான். இத்தனை நாள் உன்னை மிரட்டியது 250 என்ற எண். அதைப் பிரித்துப் போட்டுப் பார்க்காததால் மிரட்டியது.

ஒற்றை ஆளால் இதெல்லாம் நடக்குமா என்று இன்னும் சந்தேகமா? ஃபுளோரிடாவில் ஹோம்ஸ்டெட் பக்கம் ‘கோரல் காஸில்’ என்று ஒரு கற்கோட்டை இருக்கிறது. கட்டியவர் எட்வர்ட் லீட்ஸ்கால்னின். 1887இல் லாட்வியாவில் பிறந்தவர். ஐந்தடி உயரம், ஐம்பது கிலோவைத் தொடாத உடம்பு. அந்த உடம்பை வைத்துக்கொண்டு 1923இல் தொடங்கி 1951இல் சாகும்வரை சுமார் 1,100 டன் சுண்ணாம்புக்கல்லை வெட்டினார், தூக்கினார், நிறுத்தினார். நடுவில், 1930களில், இருந்த இடம் சரிப்படவில்லை என்று கோட்டையையே கழற்றிப் பத்து மைல் தள்ளிக் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார். ராத்திரியில், யாரும் பார்க்காதபோது வேலை செய்கிற பழக்கம் அவருக்கு. விடுவார்களா நம் ஜனங்கள்? மந்திரம் என்றார்கள், காந்த சக்தி என்றார்கள், புவியீர்ப்பையே ஏமாற்றிவிட்டார் என்றார்கள்.

எனக்கு இந்தக் கதைகளைக் கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. பழைய புகைப்படத்தில் எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிகிறதே! தந்திக் கம்பத்து மரங்களால் ஒரு முக்காலி. அதன் உச்சியில் தொங்கும் செயின் பிளாக். நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் இன்றைக்கும் தொங்குகிற அதே சங்கதி. கோட்டையின் 9 டன் கல் கதவு ஒரு விரலால் தள்ளினால் சுழலும் என்பார்கள். 1986இல் அது சுழலாமல் நின்றுபோனது. கிரேன் வைத்துக் கழற்றிப் பார்த்தார்கள். கல்லுக்குள் நெட்டுக்குத்தாக ஒரு துளை, அதில் ஓர் இரும்புத் தண்டு, அடியில் பழைய லாரி பேரிங்! அதை மந்திரம் என்று சொல்கிறவன் லீட்ஸ்கால்னினைப் புகழவில்லை. தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு நியாயம் தேடுகிறான்.

பயம் வரும். வரட்டும். கால் டன் இரும்பை நிமிர்த்தும்போது பயப்படாதவனைக் கராஜுக்குள்ளேயே விடக்கூடாது. ஆனால் பயந்துகொண்டே நிற்காதே, பயத்தைக் கேள்வி கேள். என்ன விழும்? எந்தப் பக்கம் விழும்? விழுந்தால் நான் எங்கே நிற்பேன்? மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் கை நடுங்குவது நின்றுவிடும். ஒன்றுக்குப் பதில் தெரியாவிட்டாலும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டு வெளியே வா.

தூணை நிமிர்த்த இன்ஜினைக் கழற்றித் தூக்கும் மடக்குக் கிரேன் ஒன்று போதும். வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு டன் கிரேன் என்று எழுதியிருப்பதை நம்பிவிடாதே. கையை முழுசாக நீட்டினால் அது அரை டன்தான் தாங்கும். நம் தூணுக்கு அதுவே தாராளம். பட்டையை எங்கே கட்டுகிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தூணின் எடை இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அதற்கு மேலே கட்டு. கீழே கட்டினால் தலை கவிழும். தூணுக்குள் ஏறி இறங்குகிற பாகத்தை அடியிலேயே கம்பி போட்டுக் கட்டிவிடு. பாதி வழியில் அது சறுக்கினால் உன் கணக்கு முழுவதும் புரண்டுபோகும். தூண் நிமிர்ந்து நின்ற பிறகும் பட்டையை அவிழ்க்காதே. போல்ட் இறுகும்வரை கிரேன் பிடித்துக்கொண்டிருக்கட்டும். உன்னுடைய இரண்டாவது ஆள் அதுதான். டீ கேட்காத ஆள். தனியாக என்றால் ஊரில் யாருமில்லாத நேரத்தில் என்று பொருள் அல்ல. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீட்டில் ஒருவர் இருக்கும் நேரம் பார்த்துச் செய்.

இடம் குறிப்பதற்கு நம் கொத்தனார் வித்தை போதும். நூல் அடி, 3-4-5 போட்டு மூலை மட்டம் பார், இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு வரும்வரை விடாதே.

அடுத்து போல்ட். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நாளைக்கு நீ கீழே நிற்கும்போது உன் தலைக்கு மேலே காரைப் பிடித்திருப்பது இதுதான். லிஃப்டின் கைகள் உள்பக்கம் நீள்கின்றன. அதனால் காரின் எடை தூண்களை உள்பக்கமாகச் சாய்க்கப் பார்க்கும். விடாமல் இழுத்துப் பிடிப்பவை வெளிப்பக்கத்து ஆங்கர் போல்ட்கள். பெரும்பாலான லிஃப்டுகளுக்குத் தூணுக்கு ஐந்தாறு போல்ட், ஒவ்வொன்றும் முக்கால் அங்குலத் தடிமன். தரை குறைந்தது 4 அங்குலக் கான்கிரீட். வலிமை 3,000 பிஎஸ்ஐ. புதிதாகப் போட்ட தரை என்றால் 28 நாள் காய்ந்திருக்க வேண்டும். உன் லிஃப்டின் கையேடு இதைவிட அதிகம் கேட்டால் கையேடு சொன்னதுதான் சட்டம். விரிசலை ஒட்டியோ தரையின் ஓரத்தை ஒட்டியோ துளைக்காதே.

துளைக்கும்போது வருகிற தூசி நுரையீரலைத் தின்னும். முகமூடி இல்லாமல் டிரில்லைத் தொடாதே. துளை போட்டதும் உள்ளே இருக்கும் தூசியை உறிஞ்சி எடு. முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான். தூசி மேல் உட்கார்ந்த போல்ட் கான்கிரீட்டைப் பிடிக்காது, தூசியைத்தான் பிடிக்கும். நட்டைத் தலை மட்டத்துக்கு முறுக்கி வைத்துவிட்டு அடித்து இறக்கு. அப்போதுதான் மரை நசுங்காது. ரசமட்டம் வைத்து, தேவையான இடத்தில் தகடு செருகி, தூண் நெட்டுக்குத்தாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு, டார்க் ரெஞ்ச் போட்டுக் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கு. ‘கைக்குத் தெரியும்’ என்கிற பேச்சு இங்கே வேண்டாம். ஒரு போல்ட் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால், தரை உன்னிடம் உண்மையைச் சொல்கிறது. நிறுத்து. அந்தப் போல்ட்டை ‘மற்ற நான்கும் பிடிக்கிறதே’ என்று விட்டுவிடுகிறவனுக்கு இருப்பது துணிச்சல் அல்ல, சோம்பேறித்தனம்.

எண்ணெய்க் குழாய், சமன் செய்யும் கேபிள் எல்லாம் படத்தைப் பார்த்து மாட்டுகிற வேலை. எண்ணெய் அழுத்தத்தில் ஏறும் இந்த லிஃப்டுக்கு வழிபோட்ட மெம்ஃபிஸ் நகரத்து மெக்கானிக் பீட்டர் லுனாட்டி, முடிதிருத்தும் கடை நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் காருக்கும் இதைச் செய்தால் என்ன என்று யோசித்தார் என்பார்கள். 1925 வாக்கில் காப்புரிமையும் வாங்கிவிட்டார். நாமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். பத்திரிகை படித்துவிட்டு எழுந்து வந்துவிட்டோம்.

மின்சாரத்துக்கு மட்டும் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு. அங்கே சாதாரணப் பிளக்கில் வருவது 120 வோல்ட். லிஃப்ட் மோட்டாருக்குப் பெரும்பாலும் 220 வோல்ட்டுக்குத் தனி லைன் இழுக்க வேண்டும், நகராட்சியின் அனுமதியும் தேவைப்படலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. எந்த வேலையைக் கைமாற்றுகிறோம், ஏன் கைமாற்றுகிறோம் என்று தெரிந்து கூப்பிடுகிறவன் வேறு. எல்லாவற்றுக்கும் ஆள் தேடுகிறவன் வேறு.

முதலில் கார் இல்லாமல் ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்று. பிறகு காரை ஓரடி மட்டும் தூக்கு. பம்பரைப் பிடித்து ஆட்டு. பயந்து பயந்து ஆட்டாதே, நன்றாக ஆட்டு. அது விழுவதானால் ஓரடியில் இப்போதே விழட்டும். பிறகு உயர்த்தி, பூட்டுப் பல்லில் உட்காரவை. எண்ணெயின் அழுத்தத்தை நம்பி ஒருபோதும் அடியில் போகாதே, இரும்புப் பூட்டை நம்பிப் போ. இறக்கிவிட்டு எல்லாப் போல்ட்டையும் டார்க் ரெஞ்ச்சால் மறுபடி சோதி.

என்ன, நெஞ்சு படபடக்கிறதா? ஆர்டர் போடப் போய்விட்டாயா? இரு. லிஃப்டுக்கு முன்னால் இன்றைக்கு ராத்திரி செய்ய ஒரு வேலை இருக்கிறது, பத்துப் பைசா செலவில்லை. கராஜ் விளக்கைப் போட்டு, தரையைப் பெருக்கிவிட்டு, ‘போஸ்ட் டென்ஷன்’ என்று முத்திரை இருக்கிறதா என்று மூலைமுடுக்கெல்லாம் தேடு. டல்லாஸை ஒட்டிய பிளேனோ, ஃபிரிஸ்கோ பக்கம் களிமண் பூமி. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதனால் அங்கே வீட்டுத் தரைக்குள் எஃகுக் கேபிள்களை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 15 டன் இழுவிசை இருக்கும். அந்தத் தரையில் டிரில்லை வைக்காதே. தரையில் போல்ட் அடிக்காமலே நிற்கக்கூடிய நான்கு தூண் லிஃப்ட் விற்கிறார்கள், அதைப் பார். முத்திரை இல்லையென்றாலும் வீடு கட்டியவரின் வரைபடத்தை வாங்கிப் பார்த்து உறுதி செய்துகொள்.

கேபிள் இல்லை என்று தெரிந்த பிறகு, தூண் நிற்கப்போகிற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளிச் சின்னதாக ஒரு துளை போடு. சுவர் ஓரத்தில் போட்டு ஏமாறாதே, அங்கே தரை தடித்திருக்கும். ஒரு கம்பியின் நுனியை மடக்கி உள்ளே விட்டு, கான்கிரீட்டின் அடியில் கொக்கி மாட்டும்வரை மேலே இழு. தரை மட்டத்தில் கம்பியில் ஒரு கோடு கிழி. வெளியே எடுத்து, முன்னே சொன்ன 4 அங்குலம் இருக்கிறதா என்று டேப்பால் அள.