முக்தி என்பது போவதா?

கேரளத்தின் பொன்முடி மலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன் கல்லாறு வந்துவிடும். உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடும் அந்த நீர்தான் கீழே வாமனபுரம் ஆறு. மலையில் நிற்பவருக்கு அது போகிறது; வாமனபுரத்துக்காரருக்கு வருகிறது. ஓட்டம் ஒன்றே.

ஆங்கிலம் படிப்பவர்கள் ‘கம்’, ‘கோ’ இரண்டில் தடுமாறுவதும் இந்தப் பார்வை மாற்றத்தில்தான். கூப்பிட்டவரிடம் ‘ஐ ஆம் கம்மிங்’ என்பதே சரி. ‘கோயிங்’ என்றால் வேறெங்கோ கிளம்புவதாக அவர் நினைப்பார். தமிழருக்கு இது புதிதல்ல. வா, தா இரண்டும் தன்மை, முன்னிலைக்கு. செல், கொடு இரண்டும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் அன்றே பிரித்துவிட்டது.

சிக்கல் கடவுளிடம் வருகிறது. எங்கும் நிறைந்தவரிடம் ஒருவர் எப்படிப் போக முடியும்?

பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயத்துக்கு உரை எழுதும்போது சங்கரரும் ராமானுஜரும் இதில்தான் பிரிகிறார்கள். குணங்களற்ற நிர்குணப் பிரம்மத்தை அறிந்தவருக்கு முக்திக்குப் பயணமே இல்லை, போக வேறு இடம் ஏது என்கிறார் சங்கரர். குணங்களோடு கடவுளை வழிபடும் சகுண உபாசகருக்கு மட்டும் வழியை ஒப்புக்கொள்கிறார். ராமானுஜருக்கோ அர்ச்சிராதி மார்க்கம் நிஜமான பாதை. ஆன்மா ஒளி, பகல், வளர்பிறை என்று கடந்து வைகுந்தம் சேர்கிறது. தர்க்கத்தில் சங்கரர் கை ஓங்குவதுபோலத் தெரியலாம். ஆனால் பக்தருக்கு வினைச்சொல் வேண்டும்!

அந்த வினைச்சொல்லை ஸ்ரீரங்கத்தில் கண்ணால் பார்க்கலாம். அங்கே இராப்பத்து விழாவின் நிறைவில் நம்மாழ்வார் மோட்சம் என்ற சடங்கு நடக்கும். ஆழ்வாரைப் பெருமாள் திருவடியில் சேர்த்துத் துளசியால் மூடுவார்கள். பிறகு, உலகத்துக்காக அவரைத் திருப்பித் தரும்படி பெருமாளிடம் வேண்டிக்கொள்வார்கள்.