தெரிந்தும் சொல்லாதவர்கள்

1968 நவம்பர் 4, திங்கட்கிழமை. விடிந்தால் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். டெக்சாஸில் தன் பண்ணை வீட்டில் இருந்த அதிபர் லிண்டன் ஜான்சன், வாஷிங்டனில் இருந்த மூவரோடு ஒரே அழைப்பில் பேசினார். வெளியுறவு அமைச்சர் டீன் ரஸ்க், பாதுகாப்பு அமைச்சர் கிளார்க் கிளிஃபோர்டு, தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் வால்ட் ராஸ்டோ ஆகியோர் அந்த மூவர். பேசியது ஒரே ஒரு கேள்வியைப் பற்றி. கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டர் நாளிதழின் சைகோன் செய்தியாளர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். வியட்நாம் போரை முடிப்பதற்கான பாரிஸ் அமைதிப் பேச்சில் கலந்துகொள்ள முடியாது என்று தென் வியட்நாம் கடைசி நேரத்தில் பின்வாங்கியதற்கு, குடியரசுக் கட்சி வேட்பாளர் ரிச்சர்ட் நிக்சன் தரப்பின் தூண்டுதலும் ஒரு காரணம் என்றது அந்தச் செய்தி. அதே நாளிதழின் வாஷிங்டன் நிருபர், இது உண்மைதானா என்று கேட்டு வெள்ளை மாளிகைக்கு வந்திருந்தார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

அது உண்மை என்பதற்கான தடயங்கள் நால்வர் கையிலும் இருந்தன. இருந்தும் பதில் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. நாளிதழும் அந்தக் குற்றச்சாட்டைக் கைவிட்டது. மறுநாள் நிக்சன் வென்றார்.

அந்த முடிவு சரியா, தவறா? ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்படும் கேள்வி இது. நாட்டு நன்மைக்காகக் காத்த கண்ணியமான மௌனம் என்று பாராட்டியவர்கள் உண்டு. துணிவில்லாத கோழைத்தனம் என்றவர்களும் உண்டு. இரண்டு தீர்ப்புமே அவசரமானவை.

அந்த ஆண்டு அமெரிக்க அரசியல் எப்படிக் கிடந்தது என்பதை நினைவில் கொள்ளாமல் இதை எடைபோட முடியாது. ஜனவரி இறுதியில் வியட்நாமில் வடக்கு வியட்நாம் தரப்பின் டெட் தாக்குதல் தொடங்கியது. போர் முடியப்போகிறது என்று அரசு சொல்லிவந்ததை அதற்குப் பிறகு யாரும் நம்பவில்லை. மார்ச் 12 அன்று ஜனநாயகக் கட்சியின் நியூ ஹாம்ப்ஷயர் முதன்மைத் தேர்தலில், போர் எதிர்ப்பை மட்டுமே கையில் எடுத்துக்கொண்டு நின்ற யூஜின் மெக்கார்த்தி, பதவியில் இருக்கும் அதிபருக்கு எதிராக 42 சதவீத வாக்குகள் வாங்கினார். நான்கு நாளில் ராபர்ட் கென்னடி களத்தில் இறங்கினார். மார்ச் 31 இரவு, மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஜான்சன் தொலைக்காட்சியில் அறிவித்தார். ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூனில் கென்னடியும் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடந்தபோது, வெளியே இளைஞர்களைப் போலீஸ் தடிகொண்டு அடிப்பதை நாடே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தது. முதன்மைத் தேர்தல் ஒன்றில்கூட நிற்காத துணை அதிபர் ஹ்யூபர்ட் ஹம்ப்ரி அந்த மாநாட்டில்தான் வேட்பாளர் ஆனார். நிறவெறி அரசியலின் முகமான ஜார்ஜ் வாலஸ் மூன்றாவது வேட்பாளராகத் தெற்கு மாநிலங்களைப் பிய்த்துக்கொண்டிருந்தார். செப்டம்பர் இறுதியில் நிக்சனை விட ஹம்ப்ரி 15 புள்ளி பின்தங்கியிருந்தார் என்றது கேலப் கருத்துக்கணிப்பு.

பிறகு காற்று திரும்பியது. செப்டம்பர் 30 அன்று, தான் அதிபரானால் வடக்கு வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவேன் என்று ஹம்ப்ரி ஜான்சனிடமிருந்து சற்று விலகிப் பேசினார். அக்டோபர் 31 அன்று ஜான்சனே குண்டுவீச்சு நிறுத்தத்தை அறிவித்தார். தேர்தலுக்கு முந்தைய வார இறுதியில் கேலப் கணக்கில் இடைவெளி 2 புள்ளியாகச் சுருங்கிவிட்டது. வேறொரு கணிப்பில் ஹம்ப்ரி முந்தியே இருந்தார். சரியாக அந்த நேரத்தில்தான் தென் வியட்நாம் அதிபர் நுயென் வான் தியூ பாரிஸுக்கு வரமாட்டேன் என்றார். நம்பிக்கை அப்படியே சரிந்தது.

இதன் பின்னணியில் இருந்த பெண்மணி அன்னா செனால்ட். சீனாவில் பிறந்தவர், இரண்டாம் உலகப்போரில் பறக்கும் புலிகள் படையை நடத்திய தளபதி கிளேர் செனால்ட்டின் மனைவி, கணவர் இறந்தபின் வாஷிங்டனில் குடியரசுக் கட்சிக்கு நிதி திரட்டுவதில் பெயர் பெற்றவர். தென் வியட்நாம் தூதர் பூய் தியெம்முக்கும் நிக்சன் தரப்புக்கும் நடுவே அவர்தான் பாலம். தூதரகத்தின் தொலைபேசியை எஃப்.பி.ஐ. ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது. நவம்பர் 2 அன்று அவர் தூதரிடம் ஒரு தகவல் சொன்னார். தன் மேலிடத்திலிருந்து வந்தது என்றார்: பொறுத்திருங்கள், நாங்கள்தான் வெல்லப் போகிறோம். அன்றிரவே ஜான்சன், மேலவையின் குடியரசுக் கட்சித் தலைவர் எவரெட் டர்க்சனைத் தொலைபேசியில் அழைத்து, இது தேசத்துரோகம் என்றார். டர்க்சன் மறுக்கவில்லை. அந்த உரையாடலின் ஒலிப்பதிவு இன்று எல்லோரும் கேட்கக் கிடைக்கிறது. மறுநாள் நிக்சன் தானே அழைத்து, தனக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று ஜான்சனிடம் உறுதியளித்தார்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் வாய் திறக்காததற்குச் சொன்ன காரணங்கள் அற்பமானவை அல்ல. அவற்றில் வலுவானது நியாயம் பற்றியது. செனால்ட் பேசினார் என்பதற்கு ஆதாரம் இருந்தது. நிக்சன் பேசச் சொன்னார் என்பதற்கு அன்று இல்லை. (நிக்சனின் உதவியாளர் ஹால்டெமன் அக்டோபர் 22 அன்று எழுதிய குறிப்பு, செனால்ட்டைத் தொடர்ந்து இயக்கும்படி நிக்சனே சொன்னதைக் காட்டுகிறது. ஜான் ஃபேரல் என்ற வரலாற்றாளர் அதைக் கண்டெடுத்து, 2017 தொடக்கத்தில்தான் அது பரவலாகத் தெரியவந்தது.) வாக்குப்பதிவுக்கு ஒருநாள் முன்பு, இன்னொருவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டுக் கிடைத்த தகவலை வைத்து, பதில் சொல்ல அவகாசமே இல்லாத வேட்பாளர் மீது துரோகக் குற்றம் சாட்டுவதா? அதுவும் தன் துணை அதிபரே எதிர்வேட்பாளராக இருக்கும்போது? ஆட்சியில் இருப்பவர் உளவுத்துறையைக் கையில் வைத்துக்கொண்டு தேர்தலுக்கு முந்தைய நாள் எதிரியைச் சாய்ப்பது வழக்கமாகிவிட்டால் எந்த நாட்டிலும் தேர்தல் தேர்தலாக இருக்காது. ஜான்சனின் கை தயங்கியதில் தவறில்லை. உண்மை என்பதற்காக எதையும் எப்போதும் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள், சொல்பவர் யார், எப்படித் தெரிந்துகொண்டார், கேட்பவருக்குச் சரிபார்க்க வழி உண்டா என்பதையும் அறத்தில் சேர்த்தே எடைபோட வேண்டும்.

தென் வியட்நாம் நட்பு நாடு; அதன் தூதரகத்தை ஒட்டுக்கேட்டது வெளியே தெரிந்தால் உறவு கெடும் என்பது இன்னொரு காரணம். ராஜதந்திரக் காரணம் அது, ஒதுக்கிவிடலாம்.

கிளிஃபோர்டு சொன்ன காரணம்தான் ஆழமாகப் பார்க்க வேண்டியது. இந்தச் செய்தியின் சில பகுதிகள் அதிர்ச்சி தருபவை. வெளியிட்டபின் நிக்சன் வென்றுவிட்டால் அவருடைய ஆட்சியின் மீதே சந்தேகம் படிந்துவிடும். அது நாட்டுக்கு நல்லதல்ல என்பது அவர் வாதம். பொறுப்புள்ள மூத்தவரின் பேச்சு போலத் தோன்றும். ஆனால் கொஞ்சம் நின்று பார்த்தால் அதன் கோணல் தெரியும். குற்றம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்கு மறைக்க வேண்டும் என்கிறது இந்த வாதம். சிறிய தவறு செய்தவர் அம்பலமாவார். நாட்டையே உலுக்கும் தவறு செய்தவர் அது நாட்டை உலுக்கும் என்பதாலேயே தப்பிப்பார். அதிபர் பதவிக்கு வரப்போகிறவரைப் பற்றி மக்கள் தெரிந்துகொள்ளவே கூடாத ஒன்று இருக்கிறது என்றால், எதை வைத்து அவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறோம்? மக்கள் சந்தேகப்பட வேண்டியதைச் சந்தேகப்படுவதில் நாட்டுக்கு என்ன தீமை?

ஹம்ப்ரியின் நிலை வேறு. கடைசி நாட்களில் அவருக்கும் விஷயம் தெரிந்தது. கோபத்தில் கொதித்தார், ஆனாலும் மேடையில் அதைப் பயன்படுத்த மறுத்துவிட்டார். அந்தத் தேர்தலின் வரலாற்றை எழுதிய தியடோர் வைட், அமெரிக்க அரசியலில் இதைவிடக் கண்ணியமான செயல் தனக்குத் தெரியாது என்ற பொருளில் அவரைப் புகழ்ந்தார். தன் வெற்றியை ஒருவர் விட்டுக்கொடுப்பது உயர்ந்த குணம்தான். அதை ஹம்ப்ரியிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. ஆனால் அன்று விட்டுக்கொடுக்கப்பட்டது அவருடைய வெற்றி மட்டுமா? கட்டாய ஆள்சேர்ப்பில் பெயர் வந்து சீருடைக்காகக் காத்திருந்த பத்தொன்பது வயது இளைஞனுக்கும், அவனைப் பெற்றவர்களுக்கும், போர் எப்போது முடியும் என்பதைத் தவிர வேறு கேள்வியே அந்தத் தேர்தலில் இல்லை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் 16,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் வியட்நாமில் இறந்தார்கள். வியட்நாமியர்கள் அதைவிடப் பல மடங்கு. அமைதிப் பேச்சை வேட்பாளர் ஒருவரின் ஆட்கள் வாக்குக்காகக் குலைக்கிறார்கள் என்பது அந்தக் குடும்பங்களுக்குச் சேர வேண்டிய செய்தி. அதை விட்டுக்கொடுக்கும் உரிமை ஹம்ப்ரிக்கு இல்லை.

தியூ பாரிஸ் போயிருந்தால் மட்டும் அமைதி வந்திருக்குமா என்று கேட்கலாம். வந்திருக்காமலும் போகலாம். செனால்ட் சொல்லியிருக்காவிட்டாலும் ஜனநாயகக் கட்சியை நம்பாத தியூ தானாகவே பின்வாங்கியிருக்கலாம் என்று வாதிடும் வரலாற்றாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதனால் குற்றத்தின் எடை குறைவதில்லை. உயிர்கள் பணயமாக இருக்கும் பேச்சைக் கெடுக்க முயன்றதே குற்றம். முயற்சி பலித்ததா என்பது அதற்குப் பிறகு வரும் கணக்கு.

அப்படியானால் நவம்பர் 4 அன்று ஜான்சன் அந்த நிருபரிடம் சொல்லியிருக்க வேண்டுமா? இங்கேதான் தீர்ப்பு எளிதாக இல்லை. 2016ஐ எடுத்துக்கொள்வோம். வாக்குப்பதிவுக்கு 11 நாள் முன்பு, ஹிலாரி கிளிண்டனின் மின்னஞ்சல்கள் தொடர்பான விசாரணையில் புதிய ஆவணங்கள் கிடைத்திருப்பதாக எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். ஒன்பது நாள் கழித்து, பழைய முடிவில் மாற்றமில்லை என்று இன்னொரு கடிதம் எழுதினார். அதற்குள் லட்சக்கணக்கானோர் முன்கூட்டியே வாக்களித்துவிட்டார்கள். அதே நேரத்தில், டிரம்ப் பிரசாரத்துக்கும் ரஷ்யாவுக்கும் தொடர்புண்டா என்று ஜூலையிலிருந்தே எஃப்.பி.ஐ. விசாரித்து வந்தது, அது வாக்குப்பதிவு முடியும்வரை வெளியே சொல்லப்படவில்லை. மறைத்துவிட்டேன் என்ற பழி வரக்கூடாது என்று கோமி நினைத்தார். அவர் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை. ஆனால் ஒரே தேர்தலில் ஒருவர் விஷயத்தில் பேச்சும் இன்னொருவர் விஷயத்தில் மௌனமுமாக இரண்டு நடைமுறைகள் இருந்ததை எந்த நல்லெண்ணமும் நேராக்காது. அரைகுறை ஆதாரத்தோடு கடைசி நாளில் பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் அதுவே சாட்சி. இதை வைத்துப் பார்த்தால், ஜான்சன் அந்த ஒருநாள் பேசாமலிருந்தது மன்னிக்கத்தக்கது.

மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. நவம்பர் 6 காலையில், வாக்காளரின் மனதை அநியாயமாகத் திருப்பிவிடுவோமோ என்ற கவலை தீர்ந்துபோயிற்று. நிக்சன் பதவியேற்க 11 வாரம் இருந்தது. வில்லியம் ஃபுல்பிரைட் தலைமையில் மேலவையின் வெளியுறவுக் குழு 1966 முதலே வியட்நாம் போரைப் பற்றிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் குழுவை மூடிய அறையில் கூட்டி, இரு கட்சியினர் முன்னிலையில் இந்தத் தடயங்கள் அடங்கிய கோப்பை வைத்திருக்கலாம். நிக்சனுக்கும் செனால்ட்டுக்கும் பதில் சொல்ல வாய்ப்பும் நேரமும் கிடைத்திருக்கும். தனிமனிதர்கள் அயல்நாட்டு அரசுகளோடு பேரம் பேசுவதைத் தடுக்கும் லோகன் சட்டம் 1799 முதல் இருக்கிறது. அதன்படி விசாரிக்க இடமுண்டா என்றாவது பார்த்திருக்கலாம். ஒன்றுமே நடக்கவில்லை. தேர்தலுக்கு முன் நியாயத்துக்காக என்று தொடங்கிய மௌனம், தேர்தலுக்குப் பின் வசதிக்காக நீடித்தது. இருவேறு சூழலிலும் ஒரே முடிவுக்கே ஒருவர் வருகிறார் என்றால், முதலில் சொன்ன காரணம் உண்மையான காரணம்தானா என்று ஐயப்படத்தான் வேண்டும்.

ஜான்சன் பதவி விலகும்போது அந்தக் கோப்பைத் தன்னிடம் ஒப்படைத்ததாக ராஸ்டோ எழுதியிருக்கிறார். 1973 ஜனவரியில் ஜான்சன் இறந்தபின், அவ்வாண்டு ஜூனில் அதை ஓர் உறையிலிட்டு டெக்சாஸில் உள்ள ஜான்சன் நூலகத்துக்கு அனுப்பினார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிரிக்க வேண்டாம் என்று மேலே எழுதியிருந்தார். நூலகம் அவ்வளவு காலம் பொறுக்காமல் 1994இல் பிரித்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் நிக்சன் இறந்திருந்தார். கோப்போடு ராஸ்டோ வைத்த குறிப்பில் ஓர் எண்ணம் பதிவாகியிருக்கிறது: 1968இல் செய்ததற்கு நிக்சன் தரப்பு விலை கொடுக்காமல் தப்பியது, 1972இல் வாட்டர்கேட் அத்துமீறலுக்குத் துணிவு தந்திருக்கலாம்.

அது வெறும் ஊகமல்ல. 1971 ஜூன் 17 அன்று வெள்ளை மாளிகையில் பதிவான உரையாடலில், குண்டுவீச்சு நிறுத்தம் பற்றிய கோப்பு ப்ரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறது என்று கேள்விப்பட்ட நிக்சன், அங்கே புகுந்து அதை எடுத்துவரச் சொல்கிறார். அந்தத் திருட்டு நடக்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே வெள்ளை மாளிகைக்குள் ரகசிய வேலைகளுக்கென ஒரு குழு உருவானது. வாட்டர்கேட் கட்டடத்துக்குள் ஆள் அனுப்பியவர்கள் அதிலிருந்து வந்தவர்கள். நாட்டை அதிர்ச்சியிலிருந்து காப்பதற்காக மறைத்த உண்மை, அதைவிடப் பெரிய அதிர்ச்சியாக நாட்டின் மீதே வந்து விழுந்தது. பாரிஸ் ஒப்பந்தம் 1973 ஜனவரியில்தான் கையெழுத்தானது. நிக்சன் பதவியேற்றபின் அந்த நாள்வரை மேலும் 20,000க்கும் அதிகமான அமெரிக்கர்கள் வியட்நாமில் இறந்தார்கள்.

பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில், அன்று அதை அம்பலப்படுத்தியிருக்க வேண்டுமோ என்று ஹம்ப்ரி தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார். கேட்ட அளவுக்காவது அவர் நேர்மையானவர். கோப்பு முழுவதையும் கையில் வைத்திருந்தவர் ஜான்சன். அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. 1971இல் வெளியான தன் நினைவுக்குறிப்புகளில், தியூவுக்கு அப்படிச் சொல்லி அனுப்பியவர்களைப் பற்றிப் பட்டும் படாமலும் எழுதிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். அப்போதும் போர் நடந்துகொண்டிருந்தது. நிக்சன் இரண்டாம் முறை வாக்குக் கேட்க இன்னும் ஓராண்டு இருந்தது.