எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

கோபாலபுரத்தில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஓர் அயர்ன் வண்டி நிற்கும். அந்த வண்டிக்கார அண்ணனின் அம்மா 2020 ஜூன் கடைசி வாரத்தில் இறந்துபோனார். ஒரு வாரம் காய்ச்சல், இருமல், அப்புறம் மூச்சு முட்டல். சி.டி. ஸ்கேனில் இரண்டு நுரையீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். மூக்கில் குச்சி விட்டு எடுத்த டெஸ்ட் மட்டும் நெகடிவ். மருத்துவமனையில் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டார். கையில் கொடுத்த தாளில் நிமோனியா என்று எழுதியிருந்தது. உடலையோ பையில் வைத்து மூடிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது, மயானத்துக்கு நாலு பேருக்கு மேல் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

பல மாதங்கள் கழித்து, சட்டையை மடித்துக்கொண்டே அண்ணன் கேட்டார்: "நிமோனியான்னா எதுக்கு தம்பி மூட்டை கட்டிக் குடுத்தாங்க? கொரோனான்னா அத ஏன் எழுதல? எங்கம்மாவ எந்தக் கணக்குலதான் எழுதுனாங்க?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதை ஒரு துக்க வீட்டின் புலம்பலாக மட்டும் எடுத்துக்கொண்டேன். அது ஓர் அரசாங்கத்திடம் ஒரு குடிமகன் கேட்கக்கூடிய மிக நேரான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. ஒரு நோய்க்காலத்தில் அரசிடம் கணக்குக் கேட்பது சரியா, யார் கேட்கலாம், எப்போது கேட்கலாம் என்பதையெல்லாம் அந்தக் கேள்வியை வைத்தே யோசித்துப் பார்க்கிறேன்.

*

அந்தக் கேள்வி அண்ணனுடையது மட்டும் இல்லை. 2020 ஜூன் தொடக்கத்திலேயே சென்னையில் அது வெளியே வந்துவிட்டது. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டில் கொரோனா என்று இருந்த 200க்கும் மேற்பட்ட மரணங்கள் மாநில அரசு தினமும் மாலையில் வெளியிட்ட பட்டியலில் இல்லை என்று செய்திகள் வந்தன. எதிர்க்கட்சிகள் கேட்டன, பத்திரிகைகள் கேட்டன. அரசு ஒரு குழு போட்டது. ஜூலை 22ஆம் தேதி முடிவு வந்தது. மார்ச் 1 முதல் ஜூன் 10 வரை நடந்த மரணங்களில் 444 விடுபட்டிருந்தன. அன்று புதிதாக இறந்தவர்கள் 74 பேர். இரண்டையும் சேர்த்ததும் மாநிலத்தின் எண்ணிக்கை ஒரே நாளில் 2,626இலிருந்து 3,144 ஆனது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தப்பை ஒத்துக்கொண்டார்கள். இந்தியாவில் எத்தனையோ மாநிலங்கள் அதைக்கூடச் செய்யவில்லை; அந்த நேர்மையைச் சொல்லாமல் விட்டால் நாம் கேட்பது நியாயமான கேள்வியாக இருக்காது. இரண்டாவது, அந்த 444 எங்கிருந்து கிடைத்தது? யாரோ ஒரு மருத்துவர் காரணத்தை ஒழுங்காக எழுதியிருக்கிறார். மாநகராட்சியில் யாரோ ஓர் ஊழியர் அதை ஒழுங்காகப் பதிந்திருக்கிறார். மேலே போன பட்டியலில் விடுபட்டது கீழே இருந்த பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. அந்தப் பெயர் தெரியாத ஊழியர் எழுதாமல் விட்டிருந்தால், எதிர்க்கட்சித் தலைவர் எவ்வளவு உரக்கக் கேட்டிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது.

ஆனால் அந்த மறுகணக்கு ஜூன் 10 வரைதான். அண்ணனின் அம்மா இறந்தது அதற்குப் பிறகு. தவிர, அவருடைய தாளில் கொரோனா என்ற சொல்லே இல்லை. இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டால் ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாதவர்கள் கிடைப்பார்கள். இரண்டிலுமே இல்லாதவர்கள் எப்படிக் கிடைப்பார்கள்?

இதற்கு விதி இல்லாமல் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே மாதமே வழிகாட்டுதல் கொடுத்திருந்தது. நிமோனியா என்பது கொரோனா கொல்லும் வழி. கொரோனாதான் அடிப்படைக் காரணம், அதைத்தான் அப்படி எழுத வேண்டும். டெஸ்ட் நெகடிவ் என்று வந்தாலும் அறிகுறிகள் கொரோனாவுக்கு உரியவையாக இருந்தால், மருத்துவ அடிப்படையில் கண்டறியப்பட்ட கொரோனா என்று தனியாகப் பதிய வேண்டும். காகிதத்தில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது.

*

அந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். நாம்தான் எத்தனை கணக்குச் சொன்னோம்! மாவட்டம் தாண்ட இ-பாஸ். எதற்குப் போகிறாய், எப்போது திரும்புவாய், வண்டி நம்பர் என்ன. கடை வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு துப்பாக்கி, பக்கத்தில் ஒரு நோட்டு, அதில் பெயர், போன் நம்பர். வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் வாசலில் ஸ்டிக்கர், சில இடங்களில் தகரம் வைத்தே அடைத்தார்கள். ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் முழு ஊரடங்கு. அதே ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி அப்பாவையும் மகனையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஜெயராஜும் பென்னிக்ஸும் நான்கு நாட்களுக்குள் உயிரோடு இல்லை.

நம்மில் பெரும்பாலோர் அந்தக் கட்டுப்பாடுகளை ஏற்றுக்கொண்டோம். பயத்தால் மட்டும் இல்லை. சரி என்று பட்டதாலும்தான். நோய் ஒருவரோடு நிற்பதில்லை, என் சுதந்திரம் பக்கத்து வீட்டுப் பாட்டியின் உயிர் என்று புரிந்ததால் கொடுத்தோம். நான் அதை ஒரு கடன் மாதிரி பார்க்கிறேன். வாங்கிய அதிகாரத்தை எதற்குச் செலவழித்தாய், எத்தனை பேரைக் காப்பாற்றினாய், எத்தனை பேரை இழந்தாய் என்று சொல்லும் பொறுப்பு வாங்கியவருக்கு உண்டு. அடைபட்டுக் கிடந்தவர்கள் கேட்கும்போது அது நன்றிகெட்டத்தனம் ஆகாது.

சட்டத்திலேயே இந்த இரண்டு பக்கமும் இருக்கிறது. ஊரடங்குக் காலத்தில் அரசுகள் பயன்படுத்திய ஒரு சட்டம் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாய் பிளேக் சமயத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டது. அதன் நான்காவது பிரிவு, நல்லெண்ணத்தோடு செய்த எதற்காகவும் யார் மீதும் வழக்குப் போட முடியாது என்கிறது. அதே ஆண்டு, பிளேக் அதிகாரிகளின் கெடுபிடியை ஒட்டித் தன் பத்திரிகையில் வந்த எழுத்துகளுக்காகத் திலகர் ராஜத் துரோக வழக்கில் சிறைக்குப் போனார். இன்னொரு சட்டம் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். நாடு தழுவிய ஊரடங்கு இதன்படிதான் வந்தது. இதன் 12ஆவது பிரிவில், உயிரிழந்தவர்களின் குடும்பத்துக்கு உதவித்தொகை கொடுப்பதற்கான வழிகாட்டுதலை அரசு வகுக்க வேண்டும் என்று இருக்கிறது. 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், இது அரசின் விருப்பம் இல்லை, கடமை என்றது. அதன் பிறகுதான் 50,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. நம்மை அடைத்து வைத்த சட்டத்திலேயே நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையும் இருந்திருக்கிறது. அதை ஒரு வழக்குப் போட்டுத்தான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

*

"வீடு பத்தி எரியும்போது தண்ணி ஊத்தறவன்கிட்ட கணக்குக் கேப்பியா?" இது என் சித்தப்பா அப்போது கேட்டது. அதில் நியாயம் இருக்கிறது. பி.பி.இ. கிட்டுக்குள் பன்னிரண்டு மணி நேரம் வியர்த்து நின்ற மருத்துவர்களையும், குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர்களையும் மனதில் வைத்துத்தான் சித்தப்பா கேட்டார். யாருக்கும் முன்னனுபவம் இல்லாத நோய். இன்று தெரிந்ததை வைத்து அன்றைய முடிவுகளைத் திட்டுவது சுலபம்.

ஆனால் தவறான முடிவெடுப்பதும் முடிவின் விளைவை மறைப்பதும் ஒன்று இல்லை. முதலாவதை மன்னிக்கலாம். இரண்டாவதை மன்னித்தால் முதலாவதைத் திருத்தவே முடியாது. எந்தத் தெருவில் எத்தனை பேர் செத்தார்கள் என்று தெரியாமல் தண்ணீரை எங்கே ஊற்றுவது? உண்மையான எண் தெரிந்தால் ஜனங்கள் பயப்படுவார்கள் என்பார்கள். சென்னை ஜனங்களுக்கு எண் தெரியாமலா இருந்தது? மயானத்தில் வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். அரசு சொல்லும் எண்ணை நம்பாதவன், அடுத்த வருடம் அரசு போடும் ஊசியையும் நம்ப மாட்டான்.

இன்னொரு மறுப்பு எனக்கு இன்னும் கடினமானது: நாமும்தானே மறைத்தோம்? தகரத்துக்குப் பயந்து காய்ச்சலை மறைத்தோம். வேலைக்கார அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சம்பளத்தையும் நிறுத்தினோம். 2020 ஏப்ரலில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸின் உடலைப் புதைக்கப் போனவர்களைக் கல்லால் அடித்தது அரசாங்கம் இல்லை, இந்த ஊர் ஜனங்கள். கணக்குக் கேட்க நமக்கு என்ன யோக்கியதை?

யோக்கியதை குறைவுதான். ஆனால் கேள்வி கேட்பவன் சுத்தமானவனாக இருந்தால்தான் பதில் சொல்வேன் என்று சொல்ல அரசுக்கு உரிமை இல்லை. மனுநீதிச் சோழன் கதையை எல்லோரும் சின்ன வயதில் கேட்டிருப்போம். மணியை அடித்த பசு, கன்றை ஏன் தெருவில் விட்டாய் என்று யாராலும் கேட்கப்படவில்லை. கன்று செத்ததற்குச் சான்றிதழும் கேட்கப்படவில்லை.

*

இப்போது என் கணக்கு.

கோபாலபுரத்தில் அரசியல் என்பது டி.வி.யில் பார்ப்பது இல்லை. நாலாவது தெருவில் கலைஞர் வீடு. லாயிட்ஸ் ரோடு என்று நாங்கள் இன்னும் சொல்லும் அவ்வை சண்முகம் சாலையில் அ.தி.மு.க. தலைமை அலுவலகம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். 2020 முழுவதும் இறப்புக் கணக்கைப் பற்றி நான் கோபமாகப் பதிவு போட்டுக்கொண்டிருந்தேன். 444 வந்த அன்று ஒரே நாளில் ஆறு பதிவுகள். அண்ணனின் அம்மாவைப் பற்றியும், பெயர் சொல்லாமல், எழுதினேன். நிறைய பேர் பகிர்ந்தார்கள்.

2021 மே 2ஆம் தேதி வாக்கு எண்ணிக்கை. நான் ஓட்டுப் போட்ட பக்கம் ஜெயித்தது. மே 4ஆம் தேதி இரவு செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் சில மணி நேரத்துக்குள் 13 நோயாளிகள் இறந்தார்கள். ஆக்சிஜன் அழுத்தம் குறைந்தது என்றார்கள் உறவினர்கள்; தட்டுப்பாடே இல்லை என்றார்கள் அதிகாரிகள். மே 7ஆம் தேதி புதிய அரசு பதவியேற்றது. தோற்ற அரசு போய்க்கொண்டிருக்க, ஜெயித்த அரசு இன்னும் வராத நாட்கள் அவை. அந்த 13 பேரை யார் கணக்கில் எழுதுவது? நான் பழைய அரசின் கணக்கில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு எண்களைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நோய் அப்போதுதான் உச்சத்தில் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் அண்ணன் 50,000 ரூபாய் விண்ணப்பத்தோடு வந்தார். நிரப்பிக் கொடுத்தேன். கொரோனா என்று எதிலும் இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்க்க மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது, ஸ்கேன் தாளோடு மேல்முறையீடு செய்யலாம் என்பது எனக்குத் தெரியும். "விடுங்கண்ணா, இப்ப புது கவர்மென்ட். அவங்களே பாத்துப்பாங்க" என்றேன்.

நான் சொன்னது அதுதான். ஒரு வருடம் முன்பு அதே மனிதரின் துக்கத்தை எடுத்துப் பதிவு போட்டவன். அப்போது எனக்குத் தேவைப்பட்டது அவருடைய அம்மா இல்லை, எனக்குப் பிடிக்காத அரசுக்கு எதிராக ஒரு சாட்சி. ஆட்சி மாறியதும் சாட்சி தேவைப்படவில்லை.

கணக்குக் கேட்பதும் எதிர்ப்பதும் வேறுவேறு என்பதை நான் இப்படித்தான் கற்றுக்கொண்டேன். எதிர்ப்பவனுக்கு ஆட்சி மாறினால் வேலை முடிந்தது. இறந்தவருக்கு ஆட்சி மாறுவதே இல்லை. பதிவேடு அதே பதிவேடு, தாளில் அதே நிமோனியா.

*

2025 மே மாதம், நீண்ட தாமதத்துக்குப் பிறகு, 2021ஆம் ஆண்டுக்கான இறப்புப் பதிவு விவரங்களை ஒன்றிய அரசு வெளியிட்டது. நாடு முழுவதும் 2020இல் பதிவான மரணங்கள் சுமார் 81 லட்சம். 2021இல் ஒரு கோடியே 2 லட்சம். ஒரே வருடத்தில் 21 லட்சம் கூடுதல். அந்த ஆண்டு கொரோனாவால் இறந்தவர்கள் என்று அரசு சொன்ன எண் மூன்றரை லட்சத்துக்கும் கீழே. கூடுதல் அத்தனையும் கொரோனா என்று சொல்ல முடியாது. முன்பு பதியாமல் விட்டவர்கள் இப்போது பதிந்திருக்கலாம். ஆனால் அந்த இடைவெளியில் எத்தனை தெருமுனைகள் இருக்கின்றன என்று யோசித்தபடி போனை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன்.

உதவித்தொகைக்கான கெடு முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடலாம், பத்து ரூபாய்தான், அம்மாவின் இறப்புக்குப் பதிவேட்டில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று கேட்கலாம் என்றேன்.

"காசு வருமா தம்பி?"

"வராதுண்ணா."

பெட்டியில் கரியைக் கிளறிவிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். கோபமாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"சொல்லியிருக்கணும்ண்ணா."

"சரி, எழுது. என்னான்னு தெரிஞ்சிக்குவோம்."

பதிவுத் தபாலில் அனுப்பினோம். முப்பது நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். இன்று பதினோராவது நாள்.